இரண்டு அரசர்கள், இரண்டு முன்வரிசைகள்

பூட்டானின் ட்ரூக் ஏர் விமானத்தில் பிசினஸ் கிளாஸ் என்பது சற்று அகலமான, சற்றே பின்னால் சாயும் ஒரு நாற்காலி. ராயல் புரூனே ஏர்லைன்ஸின் பெரிய விமானத்தில் அதே பெயரில் விற்கும் இருக்கை, பொத்தானை அழுத்தினால் முழுப் படுக்கையாக நீளும். நியாயப்படி முதலாவது மலிவாகவும் இரண்டாவது விலை கூடியதாகவும் இருக்க வேண்டும். நடப்பது ஏறக்குறைய தலைகீழ். பறக்கும் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ட்ரூக் ஏரின் நாற்காலிக்குத்தான் காசு அதிகம். ராயல் புரூனேயின் படுக்கையோ, லண்டன் – ஆஸ்திரேலியா தடத்தில் பெரிய நிறுவனங்கள் கேட்பதைவிடப் பெரும்பாலும் குறைந்த விலைக்குப் போகிறது. இதற்கான காரணத்தை இருக்கையில் தேடினால் கிடைக்காது. விமானம் எந்த ஊருக்குப் போகிறது, அந்த ஊரில் இறங்க எத்தனை பேர் துடிக்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாயல். இரண்டுமே மன்னராட்சி நாடுகளின் அரசு நிறுவனங்கள். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் என்ற மூன்று பெருங்கூட்டணிகளில் எதிலும் இரண்டும் இல்லை. ஆகவே வேறு நிறுவனங்களில் சேர்த்துவைத்த மைல்களோடு இங்கே பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. இரண்டு விமானங்களின் வாலிலும் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். பூட்டான் கொடியில் மஞ்சள் அரசரின் அதிகாரத்தைக் குறிக்கிறது, புரூனே கொடியில் சுல்தானை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஒரு பௌத்த அரசும் ஓர் இஸ்லாமிய அரசும் அதே நிறத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மக்கள்தொகையும் சொற்பம்: பூட்டானில் எட்டு லட்சத்துக்கும் குறைவு, புரூனேயில் நாலரை லட்சம் போல. உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி இவ்விரு நிறுவனங்களும் ஒரு பன்னாட்டுத் தடத்தைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியாது. ஒற்றுமை இத்தோடு முடிகிறது.

ட்ரூக் ஏரைப் புரிந்துகொள்ள முதலில் பாரோவைப் புரிந்துகொள்ள வேண்டும். பூட்டானின் பாரோ விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,235 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஊட்டியின் உயரத்தில் ஒரு விமான நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊட்டியைச் சுற்றி 5,500 மீட்டர் மலைகள் கிடையாது. பாரோ ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. ஓடுதளத்தின் நீளம் இரண்டேகால் கிலோமீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுதளம் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். விமானி மலைகளைக் கண்ணால் பார்த்து, பள்ளத்தாக்கின் வளைவுகளுக்கு ஏற்ப விமானத்தைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஓடுதளம் நேரெதிரே தெரிவது கடைசிக் கட்டத்தில்தான். ஜன்னல் வழியே பார்த்தால் மலைச்சரிவில் இருக்கும் வீடுகள் இறக்கையின் மட்டத்துக்கு வரும். பாரோவுக்கென்று தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் மட்டுமே இங்கே இறக்கலாம். போக்குவரத்து பகலில்தான். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும் என்பதால் முக்கால்வாசிப் புறப்பாடுகள் காலையிலேயே நடந்துவிடுகின்றன.

இந்த நிலவியல்தான் ட்ரூக் ஏரின் ஒவ்வொரு விமானத்தையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. 1981-இல் அரச ஆணையால் தொடங்கப்பட்ட நிறுவனம் 1983 பிப்ரவரியில் பதினெட்டுப் பேர் போல உட்காரக்கூடிய டார்னியர் 228 ஒன்றைக் கொண்டு கல்கத்தாவுக்கும் பாரோவுக்கும் இடையே பறக்க ஆரம்பித்தது. 1988-இல் ஜெட் வந்தது: பிஏஇ 146. அளவில் சிறியது, ஆனால் நான்கு எஞ்சின். மலைகளுக்கு நடுவே ஏறும்போது ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் மற்ற மூன்றும் தூக்கிக்கொண்டு போகும் என்ற கணக்கு. 2004-இல் அதன் இடத்துக்கு ஏர்பஸ் ஏ319 வந்தது. அதில் முன்னால் நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு இருக்கை. மொத்தம் பதினாறு பிசினஸ் கிளாஸ் இருக்கைகள். சிறிய விமானத்துக்கு இது தாராளம். இதே அளவு விமானத்தில் பல நிறுவனங்கள் எட்டோடு நிறுத்திக்கொள்ளும், சில நிறுவனங்கள் பிசினஸ் கிளாஸே வைப்பதில்லை.

ஏன் பதினாறு? வசதியைத் தாண்டி எடைக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் உந்துவிசையும் குறையும், இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். எனவே பாரோவிலிருந்து முழு ஆள், முழு எரிபொருள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. பாங்காக், சிங்கப்பூர் விமானங்கள் பாக்டோக்ரா, கவுகாத்தி, கொல்கத்தா என்று நடுவில் ஓர் இந்திய நகரத்தில் இறங்கி ஏறுவதற்கு அங்கே ஆள் ஏற்றுவது மட்டும் காரணமில்லை. எப்படியும் எல்லா இருக்கையையும் நிரப்பிப் பறக்க முடியாத விமானத்தில், இருக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் கூடுதல் விலைக்கு விற்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது? கொல்கத்தாவிலிருந்து பாரோ ஒரு மணி நேரம் சொச்சம், டெல்லியிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம். இவ்வளவு குறுகிய நேரத்தில் எந்தச் சாப்பாடும் பெரிய விருந்தாகிவிடாது. ஏ319-இல் முன்னால் திரையும் கிடையாது, படமும் கிடையாது. கிடைப்பது ஜன்னல். டெல்லியிலிருந்தோ காட்மாண்டுவிலிருந்தோ பாரோவுக்குப் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில் எவரெஸ்ட், லோட்சே, மக்காலு, கஞ்சன்ஜங்கா என்று உலகின் முதல் ஐந்து சிகரங்களில் நான்கு வரிசையாக வந்துபோகும். முன்பகுதியில் உட்கார்ந்திருப்பவருக்கு இறக்கை பார்வையை மறைக்காது. உலகத்தில் வேறெந்த நிறுவனமும் இவ்வளவு சாதாரண நாற்காலியில் உட்காரவைத்து இவ்வளவு பெரிய காட்சியைக் காட்டுவதில்லை.

ஆனால் அந்தக் காட்சிக்காகப் பிசினஸ் கிளாஸ் வாங்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பேன். எகானமியின் முதல் சில வரிசைகளும் இறக்கைக்கு முன்னால்தான் இருக்கின்றன. செக்-இன் கவுண்டரில் சீக்கிரம் போய் நின்று, இடப்பக்க ஜன்னல் என்று கேட்டு வாங்குபவருக்கு அதே எவரெஸ்ட் குறைந்த விலையில் கிடைத்துவிடும். பெட்டி எடை கூடுதலாக வைத்திருப்பவர்கள், கால் நீட்ட இடம் வேண்டிய முதியவர்கள் ஆகியோருக்கு முன்வரிசை பயன்படும். மற்றவர்களுக்கு அந்தப் பணத்தைப் பூட்டானில் செலவழிப்பதே மேல். அங்கே செலவுக்கும் குறைவில்லை. வெளிநாட்டுப் பயணிகள் ஓர் இரவுக்கு 100 டாலர் அரசுக்குக் கட்டணமாகக் கட்ட வேண்டும் (2022-இல் அது 200 ஆக இருந்தது, மறு ஆண்டு பாதியாக்கினார்கள்). இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய். பாரோ பள்ளத்தாக்கை மேகம் மூடிவிட்டால் விமானம் இந்திய நகரம் ஒன்றில் காத்துக் கிடக்கும். அப்போது முன்வரிசைக்காரருக்கும் பின்வரிசைக்காரருக்கும் ஒரே நீதிதான்.

இத்தனை இருந்தும் ட்ரூக் ஏர் விலையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நெடுங்காலம் பாரோவுக்குப் பறந்தது அது ஒன்றுதான். 2011-க்குப் பிறகு பூட்டான் ஏர்லைன்ஸ் என்ற தனியார் நிறுவனம் சேர்ந்துகொண்டது. பூட்டானுக்கு வானவழியே போக விரும்புகிறவர் இவ்விரண்டில் ஒன்றிடம்தான் வந்தாக வேண்டும்.

ராயல் புரூனேயின் நிலைமை இதற்கு நேர் எதிர். புரூனேயின் தலைநகர் பந்தர் செரி பெகவானில் இறங்க வேண்டும் என்று உலகம் வரிசையில் நிற்கவில்லை. எண்ணெய், எரிவாயு வேலையாக வருகிறவர்கள் உண்டு. கம்போங் ஆயர் நீர்க்கிராமத்தையும், சுல்தான் ஓமர் அலி சைபுதீன் பள்ளிவாசலையும் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் உண்டு. அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு பெரிய விமானங்களை நிரப்ப முடியாது. எனவே புரூனேயைக் கடந்துபோகிறவர்களைப் பிடித்தாக வேண்டும். 1974-இல் தொடங்கி, 1975 மே மாதம் போயிங் 737-இல் சிங்கப்பூருக்குப் பறந்த நிறுவனம், பிறகு லண்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் நெடுந்தடத்தில் குதித்ததற்கு இதுவே காரணம். அந்தத் தடத்தில் போட்டியாளர்கள் யார்? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், கத்தார், குவாண்டாஸ். இந்த வரிசைக்கு எதிரே நிற்கும் சிறிய நிறுவனத்தின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் விலை. அதுவும் எப்போதும் பலிக்கவில்லை: 2011-இல் ஆக்லாந்து, பிரிஸ்பேன், பெர்த் தடங்களைக் கைவிட வேண்டிவந்தது.

2013-இல் தென்கிழக்கு ஆசியாவிலேயே முதலாவதாக போயிங் 787 வாங்கியது ராயல் புரூனே. சுல்தான் ஹசனல் போல்கியா தானே விமானம் ஓட்டுகிறவர். விமானங்கள்மீது அரண்மனைக்கு இருக்கும் பிரியமும் இந்த முந்துதலில் கொஞ்சம் இருக்கலாம். அந்த 787-இல் 254 இருக்கைகள், அவற்றில் பிசினஸ் கிளாஸ் 18 மட்டும். அதாவது ட்ரூக் ஏரின் குட்டி விமானத்தில் இருப்பதைவிட இரண்டே இரண்டு அதிகம். மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு இரண்டாக ஆறு. எல்லாம் முழுப் படுக்கை. குறை ஒன்று உண்டு: ஜன்னலோரம் படுத்திருப்பவர் இரவில் எழுந்து போக வேண்டுமென்றால் பக்கத்தில் தூங்குகிறவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போதைய பெரிய நிறுவனங்கள் ஒவ்வோர் இருக்கைக்கும் தனி வழியும், சில இடங்களில் கதவும் வைத்துவிட்டன. அந்த அளவுகோலில் ராயல் புரூனே ஒரு தலைமுறை பின்தங்கியிருக்கிறது. தனியாகப் போகிறவர் நடு ஜோடியில் ஒன்றைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பாரோ விமானத்தில் ஜன்னலுக்காக அலைய வேண்டும் என்றேன். இங்கே ஜன்னலைவிட்டு விலகியிருப்பதே உத்தமம். இரவில் தென்சீனக் கடலின்மேல் பார்க்க என்ன இருக்கிறது!

இந்த விமானத்தில் மது கிடையாது. புரூனேயில் 1991-இல் மது விற்பனை தடைசெய்யப்பட்டது. தேசிய விமானமும் அதே வழியில் போகிறது. புறப்படும் முன் பயணத்துக்கான துவா ஒலிக்கும். பழச்சாறு, காபி, தேநீர் எல்லாம் தாராளம். பிசினஸ் கிளாஸ் என்றால் ஏறியவுடன் கையில் ஷாம்பெயின் என்று பழகிப்போன மேற்கத்தியப் பயணிகள் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு நிறுவனத்தைப் பார்த்துப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். படுக்கை விலை குறைவாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நள்ளிரவில் ஏறிப் படுத்துத் தூங்கிக் காலையில் இறங்குகிறவருக்குத் தேவை அமைதியான விமானம், அது இங்கே கிடைக்கிறது. விலையில் சலுகை கிடைக்கிறதென்றால் குடிக்காதவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ட்ரூக் ஏரில் ஒயினும் பீரும் உண்டு. ஆனால் கோப்பையைக் காலி செய்வதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள்.

2024 நவம்பரில் ராயல் புரூனே சென்னைக்கு நேரடி விமானம் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு இந்தியப் பிரதமர் புரூனே போனபோதே இது பேசப்பட்டது. சென்னையிலிருந்து மெல்பர்ன் போகும் தமிழ்க் குடும்பங்கள் இதை ஒரு வழியாகப் பார்க்க ஆரம்பித்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் பிசினஸ் கிளாஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னை தடத்தில் பறப்பது ஏ320 நியோ. அதில் இருப்பது படுக்கை அல்ல, ட்ரூக் ஏரில் பார்த்த அதே வகைச் சாய்வு நாற்காலி. ஐந்து மணி நேரம் போல நாற்காலியில் உட்கார்ந்து போய், புரூனேயில் மாறிய பிறகுதான் 787-இன் படுக்கை. டிக்கெட்டில் இரண்டு பகுதிக்கும் ஒரே பெயர்தான் அச்சாகியிருக்கும். பணத்தை எண்ணிச் செலவழிக்கிறவர்கள் சென்னை – புரூனே எகானமியிலும், புரூனே – மெல்பர்ன் பிசினஸிலும் போக வழி உண்டா என்று டிக்கெட் முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ட்ரூக் ஏருக்குச் சென்னைத் தடம் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் கொல்கத்தா, டெல்லி போன்ற ஓர் ஊருக்குப் போய்த்தான் ஏற வேண்டும். காலை விமானத்தைப் பிடிக்க முதல் நாளே போய்த் தங்கவேண்டி வரும்; அந்த ஓட்டல் செலவையும் டிக்கெட் விலையோடு சேர்த்துப் பார்த்தால் முன்வரிசை ஆசை பலருக்குத் தானாகவே அடங்கிவிடும்.

இரண்டு நிறுவனங்களும் 2024-இல் புதிய விமானங்களுக்குக் கைநீட்டியிருக்கின்றன. ராயல் புரூனே தன் பழைய 787-களுக்குப் பதிலாக இன்னும் பெரிய 787-9 நான்கு வாங்குகிறது, 2028-இலிருந்து வரும். இது எதிர்பார்த்ததுதான். ட்ரூக் ஏரின் முடிவு அப்படியல்ல. மூன்று ஏ320 நியோவோடு இரண்டு ஏ321 எக்ஸ்எல்ஆர் விமானங்களையும் 2030-இலிருந்து பெற ஏர்பஸ்ஸோடு ஒப்பந்தம் பேசியிருக்கிறது. எக்ஸ்எல்ஆர் 8,700 கிலோமீட்டர் வரை நிற்காமல் பறக்கக்கூடியது, ஐரோப்பாவுக்கே போகலாம். அவ்வளவு எரிபொருளோடு பாரோவிலிருந்து அதைத் தூக்க முடியாது. அது கெலெஃபுவுக்காக வாங்கப்படுகிறது. பூட்டான் அரசர் 2023 டிசம்பரில் அறிவித்த புதிய நகரம் அது. அஸ்ஸாம் எல்லையை ஒட்டிய தாழ்நிலத்தில், பெரிய விமான நிலையத்தோடு திட்டமிட்டிருக்கிறார்கள். மலையும் மெலிந்த காற்றும் அங்கே தடையில்லை. கூடவே, அவை இதுவரை ட்ரூக் ஏருக்கு அளித்துவந்த பாதுகாப்பும் அங்கே கிடையாது. பாங்காக்கிலிருந்து ஐரோப்பா போகிறவர் கெலெஃபு வழியாக வர வேண்டுமென்றால் படுக்கை வேண்டும், விலையும் குறைய வேண்டும். ராயல் புரூனே நெடுங்காலமாகப் போராடும் சந்தை அது. அந்த எக்ஸ்எல்ஆர்-களில் ட்ரூக் ஏர் எத்தனை படுக்கை போடப்போகிறது என்பதைப் பார்த்தால், தன் மண்ணில் தங்காமலே கடந்துபோகிறவர்களை எவ்வளவு தூரம் நம்பியிருக்கப்போகிறது என்பதும் தெரிந்துவிடும்.