நரைத்த பிறகு ஒரு சவாரி

நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் வீணை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் நாம் மரியாதையோடு தலையை அசைக்கிறோம். சமஸ்கிருதம் படிக்கப் போகிறேன் என்றால் இன்னும் சிலாக்கியம். அதே மனிதர், நீச்சல் பழகப் போகிறேன், டென்னிஸ் மட்டை வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும்! "டாக்டர் சொன்னாரா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, ஆசையாக இருக்கிறது என்று அவர் பதில் சொன்னால், வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வயதானவன் விளையாட்டுப் பழகுவதில் உள்ள கஷ்டம் உடம்பில் பாதிதான். மற்றப் பாதி பிறர் கண்ணில் இருக்கிறது. இதற்குச் சரித்திரத்தில் ஒரு விநோதமான காலம் சாட்சியாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சைக்கிள் வந்தபோது, அதைச் சிறு வயதில் கற்றிருந்த பெரியவர் ஒருவர்கூட உலகத்தில் இல்லை. நீதிபதியானாலும் பாதிரியாரானாலும், பேரன் பேத்தி எடுத்தவரானாலும் எல்லோரும் முதல் வகுப்பு மாணவர்கள். எல்லோரும் விழ வேண்டியவர்கள்.

ஆரம்பத்தில் விழுவதும் லேசான காரியமாக இல்லை. பழைய சைக்கிளின் முன்சக்கரம் ஆள் உயரத்தை எட்டப் பார்க்கும். பின்சக்கரம் பெயருக்கு ஒன்று. 1884-ல் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் மார்க் ட்வைன் ஏறிப் பழகியது இந்த ராட்சசன் மேல்தான். முன்சக்கரத்தின் குறுக்களவு 50 அங்குலம். ஆசிரியருக்கு வயது 48. அந்த அனுபவத்தை அவர் கட்டுரையாக எழுதி வைத்தார். அவர் காலமாகி 7 வருஷம் கழித்து, 1917-ல்தான் அது அச்சில் வந்தது. வண்டி விழும்போதெல்லாம் கற்றுக்கொடுக்க வந்த வாத்தியார் மேலேயே விழுகிறது. தெருவில் நிற்கும் பொடியன் ஒருவன், உடம்பெல்லாம் தலையணை கட்டிக்கொண்டு ஏறலாமே என்று யோசனை சொல்கிறான். உலகத்தைச் சிரிக்க வைத்தவருக்கே வேடிக்கை பார்க்க ஒரு பையன் அகப்பட்டான் என்றால், நம்மைப் போன்றவர்கள் கதி என்ன?

நல்ல வேளையாக, 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலி பூட்டிய 'ரோவர்' வண்டியைச் செய்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். வயதானவர்களும் ஸ்திரீகளும் துணிந்து ஏறியது இதற்குப் பிறகுதான்.

அப்படி ஏறியவர்களில் என் மனத்தைக் கவர்ந்தவர் பிரான்சஸ் வில்லார்ட் அம்மையார். அமெரிக்காவில் மதுவிலக்குக்காகப் பாடுபட்ட மாபெரும் மாதர் சங்கத்துக்கு 1879 முதல் தலைவி. விஸ்கான்சின் மாகாணத்துப் பண்ணையில் பையனைப் போல ஓடியாடி வளர்ந்தவருக்கு, 16-வது பிறந்த நாளன்று நீண்ட பாவாடையை மாட்டி விட்டார்கள். ஓட்டம் அன்றோடு நின்றது. பிறகு மேடை, ரயில், கடிதம், மறுபடி மேடை. 1892-ல் தாயார் காலமானார். மகளின் உடம்பும் மனசும் தளர்ந்துபோயின. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் ஸ்நேகிதியின் வீட்டில் தங்கியிருந்தபோது, 53-வது வயதில், சைக்கிள் ஏறுவது என்று தீர்மானித்தார்.

முதலில் வாட்டசாட்டமான மூன்று இளைஞர்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பயந்து பயந்து உட்கார்ந்தார். வண்டிக்கு 'கிளாடிஸ்' என்று பெயர் வைத்தார். மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறது என்ற பொருள் தொனிக்க வைத்த பெயர். தினம் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று மூன்று மாதம் பழக்கம் நடந்தது. அம்மையார் அதற்குக் கணக்கும் வைத்திருந்தார்: மொத்தம் 1300 நிமிஷம், அதாவது சுமார் 22 மணி. மூன்று மாதம் என்றால் மலைப்பாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள்கூட இல்லை! 1895-ல் இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். ஏன் கற்றேன் என்பதற்கு ஆரோக்கியம், பெண்கள் முன்னேற்றம் என்று பெரிய காரணங்களையும் சொல்கிறார். அவற்றோடு, இந்த வயதில் இவளால் முடியாது என்று பலர் நினைத்ததும் ஒரு காரணம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்தக் காரணம்தான் மிகவும் பிடித்திருக்கிறது.

பிறர் நினைப்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1888-ல் லண்டனுக்குப் போன மோகன்தாஸ் காந்தி, கனவானாக விளங்க வேண்டுமென்று 3 பவுன் கட்டி நடன வகுப்பில் சேர்ந்தார். மூன்று வாரத்தில் ஆறு பாடம் ஆயிற்று. பியானோ ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று. தாள ஞானம் வரட்டும் என்று பிடில் வாங்கினார். அதற்கு ஒரு வாத்தியார் வேறு. பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் உதறினார். வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தொடங்கிய நடை மட்டும் கூடவே வந்தது. லண்டனில் நாளைக்கு 8 மைல், 10 மைல் நடந்தார். நடனத்தை அவர் மற்றவர்கள் பார்ப்பதற்காக ஆடினார். நடையை யார் பார்த்தார்கள்?

கடைசியாக டால்ஸ்டாய். அவர் உழைப்பைப் பெரிய தர்மமாகவே போதித்தவர். ஏர் பிடித்தார், விறகு பிளந்தார், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கவிஞர் ஃபெத்துக்குப் பூட்ஸ்கூடத் தைத்துக் கொடுத்தார். அவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு சித்தாந்தம் இருந்தது. 1895 பிப்ரவரியில் அவருடைய கடைசிப் பிள்ளை வானிச்கா விஷ ஜுரத்தில் இறந்துபோனான். இன்னும் ஏழு வயது நிறையவில்லை. தன் வேலையைத் தொடர்ந்து செய்வான் என்று தகப்பனார் நம்பியிருந்த குழந்தை அது. வீடு இருண்டு கிடந்தது. இரண்டே மாதம் கழித்து, 66 வயதைக் கடந்த அந்தக் கிழவர், குதிரைச் சவாரிக்கென்று மாஸ்கோவில் கட்டியிருந்த பெரிய மண்டபத்துக்குப் போய்ச் சைக்கிள் பழக ஆரம்பித்தார்.

அவரைப் பின்பற்றிய ஒருவருக்கு இது வருத்தமாக இருந்தது. வேண்டாமென்று தடுத்துப் பார்த்தார். டால்ஸ்டாய் அன்றைய நாட்குறிப்பில், இது தன்னை ஏன் இழுக்கிறது என்பதே ஆச்சரியமாக இருக்கிறது என்றும், ஆனால் வெட்கமாக இல்லையென்றும், குழந்தைகளுடையதைப் போன்ற தீங்கற்ற சந்தோஷம் என்றும் எழுதி வைத்தார். மகனை இழந்தவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விழாமல் இருப்பது ஒன்றிலேயே கருத்தாக இருக்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரமாவது, துக்கத்துக்கு உள்ளே நுழைய இடமிருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாஸ்கோவில் அவர் குடியிருந்த மர வீடு இப்போது கண்காட்சிச் சாலையாக இருக்கிறது. அங்கே அவருடைய செருப்புத் தைக்கும் கருவிகளை வைத்திருக்கிறார்கள், சைக்கிளையும் வைத்திருக்கிறார்கள்.