பாபிலோனிய வானியல்

யூப்ரட்டீஸ், டைகிரிஸ் ஆறுகள் பாயும் நாட்டில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரை தழைத்த வானியல். வானத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்து, அப்பதிவுகளைக் கொண்டே வரப்போவதைக் கணித்த முதல் மரபு இதுவே.

தொடக்கம்: கோள்களின் தோற்றமும் மறைவும் அரசனுக்கு நேரவிருப்பதைக் காட்டும் என நம்பினர். இத்தகைய குறிகளின் தொகுப்பான ‘எனூமா அனு என்லில்’ ஏறத்தாழ 70 களிமண் பலகைகள் கொண்டது. அதன் 63ஆம் பலகையில், அம்மிசதூக்கா என்னும் அரசன் காலத்தில் வெள்ளி உதித்து மறைந்த நாட்கள் 21 ஆண்டுகளுக்கு உள்ளன. ‘முல் அப்பின்’ என்ற நூல் விண்மீன்களை என்லில், அனு, ஏயா ஆகிய கடவுளரின் மூன்று பாதைகளாகப் பிரிக்கிறது.

நாட்குறிப்புகள்: இம்மரபின் உயிர்நாடி இவையே. கிடைத்தவற்றுள் மிகப் பழையது கி.மு. 652ஆம் ஆண்டுக்குரியது, கடைசியானது கி.மு. 61. நிலவும் கோள்களும் எந்த விண்மீனுக்கு எத்தனை முழம், எத்தனை விரல் விலகி நின்றன என்று இரவுதோறும் குறித்தனர். மேகத்தால் காண இயலாத இரவையும் அவ்வாறே எழுதினர். இந்த நேர்மையே பதிவுகளுக்கு மதிப்பளிக்கிறது. மாத முடிவில், குறித்த எடை வெள்ளிக்குக் கிடைத்த பார்லி, பேரீச்சம்பழம், எள், கம்பளி ஆகியவற்றின் அளவும் ஆற்றின் நீர்மட்டமும் இடம்பெறும். கி.மு. 323 ஜூனில் அலெக்சாந்தர் இறந்த செய்தியும் இவற்றில் உண்டு. கி.மு. 164, 87 ஆண்டுகளில் வந்த ஹாலி வால்வெள்ளியும் பதிவாகியுள்ளது.

கணிதம்: 223 சந்திர மாதங்களுக்கு, அதாவது 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை, கிரகணங்கள் ஒத்த முறையில் மீள்வதை அறிந்தனர். 19 ஆண்டுக்கு 7 அதிகமாதம் சேர்த்தனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வான்வழியைத் தலா 30 பாகையுள்ள 12 இராசிகளாக வகுத்தனர். 60ஐ அடிப்படையாகக் கொண்ட அவர்களது எண்முறையே நம் மணி, நிமிடக் கணக்கில் நிலைத்துள்ளது. வடிவியல் மாதிரி இல்லாதது குறையன்று; கிரேக்க ஹிப்பார்க்கஸ் கையாண்ட சந்திர மாத அளவு பாபிலோனில் கண்டதே. நிலவின் வேகச் சுழற்சி 9 முறை முடிய 248 நாள் என்ற அவர்களது கணக்கு, தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் சந்திர வாக்கியங்களிலும் அடிப்படையாக உள்ளது.

பிற்காலம்: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்ட்ராஸ்மையர், எப்பிங் ஆகிய ஏசுசபைத் துறவியர் இப்பலகைகளைப் படித்து விளக்கினர். கி.மு. 136 ஏப்ரல் 15இல் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகப் பதிவு உள்ளது. புவி என்றும் ஒரே வேகத்தில் சுழன்றிருந்தால் அந்நிழல் மேற்கே வெகுதொலைவில் மயோர்க்கா தீவருகே விழுந்திருக்கும். புவியின் சுழற்சி தளர்ந்துவருவதை அளக்க இன்றும் இப்பதிவு பயன்படுகிறது. பலகைகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.