வாவிக்கரையில் மின் பைக்: காருக்குப் பதிலாகுமா, கடனுக்கு வழியாகுமா?

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. அடுத்த மாதம் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுத்தார்கள். வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தவர்கள் எத்தனையோ பேர். மின்சாரத்தில் ஓடும் வண்டி எங்களுக்குச் சரிவருமா என்ற கேள்வி பரவலாக எழுந்ததும் அந்த வரிசைகளில் நின்றபோதுதான்.

எரிபொருள் இல்லாமல் ஓடுவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம். அப்போது ரோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்தது. இன்று பற்றரியிலேயே வண்டி ஓட்டலாமா என்று யோசிக்கிறோம்.

மேல்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் வாசலில் நிற்கும் காரை விற்றுவிடலாமா என்று கேட்கிறார். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். மட்டக்களப்பில் பெரும்பாலான குடும்பங்களின் ‘கார்’ என்பது ஒரு மோட்டார் சைக்கிளும், தேவைக்குக் கூப்பிடும் ஆட்டோவும்தான். ஆகவே இங்கே மின் பைக் போட்டியிடுவது முதலில் பெற்றோல் பைக்கோடு.

அந்தப் போட்டிக்கு எங்கள் நிலம் நல்ல இடம். ஐம்பது கிலோ மீற்றருக்கு மேல் நீளும் வாவியின் இரு கரையும் தட்டையானவை. பாலங்களின் ஏற்றத்தைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பாலங்கள் தூரத்தையும் குறைத்துவிட்டன. 1924ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் ஆரையம்பதிக்கு வரப் பாதையை நம்பியிருந்தார்கள். இப்போது கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போய்வர அண்ணளவாக 35 கிலோ மீற்றர். ஏறாவூருக்குப் போய்வர 30க்குள். களுவாஞ்சிகுடி என்றால் ஐம்பதைத் தாண்டும்.

இந்த இலக்கங்களை வைத்தே வண்டியைத் தெரிய வேண்டும். சந்தையில் இரண்டு வகை உண்டு. மிதித்துக்கொண்டே மோட்டரின் உதவியைப் பெறும் மின் சைக்கிள் ஒன்று. பற்றரி அரை கிலோவாற்று மணி அளவில் இருக்கும். மிதித்தால் 30 முதல் 50 கிலோ மீற்றர் தாங்கும். பற்றரி தீர்ந்தாலும் சைக்கிள் சைக்கிள்தான், மிதித்து வீடு சேரலாம். மற்றது மின் ஸ்கூட்டர். 60 வோல்ற் ஈயஅமிலப் பற்றரி கொண்ட மலிவான ஸ்கூட்டர் புதிதில் நாற்பது கிலோ மீற்றர் போகும். விற்பவர் சொல்லும் தூரம் ஒல்லியான ஒருவர், காற்றில்லாத நாளில், மெதுவாக ஓட்டிய தூரம். பின்னால் ஒருவரையும் முன்னால் அரிசிப் பையையும் ஏற்றிக்கொண்டு கச்சான் காற்றுக்கு எதிரே வருபவர் அதில் மூன்றில் இரண்டு பங்கை நம்பினால் போதும். களுவாஞ்சிகுடியிலிருந்து நகருக்கு வேலைக்கு வருபவர், வேலையிடத்தில் சார்ஜ் போட இடம் உண்டா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

செலவுக் கணக்கு இப்படி. மின் ஸ்கூட்டர் கிலோ மீற்றருக்கு ஏறக்குறைய 30 வாற்று மணி குடிக்கும். நாளுக்கு 20 கிலோ மீற்றர், மாதம் 25 நாள் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 18 அலகு. அலகுக்கு 50 ரூபா என்று கூட்டியே வைத்தாலும் 900 ரூபா. அதே 500 கிலோ மீற்றருக்கு, லீற்றருக்கு 45 கிலோ மீற்றர் போகும் மோட்டார் சைக்கிளுக்கு 11 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்றால் 3,300 ரூபா. காரென்றால் இதன் மூன்று நான்கு மடங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விற்பனைக் கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. மின்சார சபையின் வீட்டுப் பட்டியலில் மாதம் 60 அலகு என்பது ஒரு கோடு. அதற்குள் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு கட்டண அட்டவணை. தாண்டியவருக்கு முதல் அலகிலிருந்தே வேறு, கூடிய அட்டவணை. நிலையான கட்டணமும் ஏறும். 50 அலகு எரிக்கும் வீட்டில் வண்டியின் 18 அலகு சேர்ந்தால் 68. கூடுவது அந்த 18 அலகின் விலை மட்டுமல்ல, பழைய 50 அலகின் விலையுந்தான். அப்படியும் பெற்றோலைவிட மலிவாகவே முடியலாம். ஆனால் போன ஆறு மாதப் பட்டியலை எடுத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 90, 120, 180 அலகுகளிலும் கோடுகள் உண்டு.

பெரிய செலவு பற்றரி. ஈயஅமிலப் பற்றரி முந்நூறு, நானூறு தடவை சார்ஜ் ஏறியதும் களைத்துவிடும். நாளாந்தம் ஓடினால் ஒன்று, ஒன்றரை வருடம். லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை ஆயிரத்து ஐந்நூறு தடவைக்கு மேல் தாங்கும்; விலையும் அதற்கேற்ப. மலிவான ஸ்கூட்டரை நான்கு வருட லீசிங்கில் எடுப்பவர் தவணை பாதி முடியுமுன்னே புதுப் பற்றரிக்கு இன்னொரு கடன் தேட வேண்டிவரும். நுண்கடன் எங்கள் மாவட்டத்துப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று விளக்க வேண்டியதில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வண்டியின் விலையோடு ஒரு பற்றரி மாற்றத்தின் விலையையும் கூட்டி, அந்தத் தொகைக்குத் தாங்குமா என்று பார்ப்பதே கணக்கு. தாங்காதென்றால் சாதாரண சைக்கிள் குறைவான வண்டியல்ல.

யாருக்கு இது உண்மையில் உதவும்? என் எண்ணத்தில், முதலில் ஒரு காலை இழந்தவர்களுக்கு. கியரும் இல்லை, உதைத்து இயக்கவும் தேவையில்லை, பிரேக்கும் கையிலேயே. சமநிலை கடினமானவருக்கு மூன்று சக்கர மின்வண்டி உண்டு. அடுத்து, ஆணில்லாத வீட்டைத் தனியே நடத்தும் பெண்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், வேலைக்கும் ஓடுபவருக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோக் காசு கொடுத்துக் கட்டாது.

முடியாததும் உண்டு. நெல் மூட்டைக்கு லாண்ட்மாஸ்ரர்தான். நடுச்சாமத்தில் பிரசவ வலி என்றால் 1990 அம்புலன்ஸ், இல்லையேல் பக்கத்து வீட்டு ஆட்டோ. கார்த்திகை, மார்கழி மழையில் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்து வீதிகள் மூழ்கும்போது பின்சில்லின் நடுவில் இருக்கும் மோட்டர் தண்ணீருக்குள் போகும். மழை தாங்கும் வண்டி வேறு, வெள்ளம் தாங்கும் வண்டி வேறு. உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை துடைத்துக் கிறீஸ் பூச வேண்டும். இன்னொன்று, வண்டிக்குச் சத்தமில்லை. இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு நீங்கள் வருவது தெரியாது. படுவான்கரையில் யானை நிற்பதும் உண்டு.

சார்ஜ் போடும் இடமும் முக்கியம். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். படுக்கும் அறையிலும் வெளியேறும் வாசலிலும் வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றை மாட்ட வேண்டாம். வெயிலில் நின்ற வண்டியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

காசு கொடுக்குமுன் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் என்ற வகையில் வரும் மின்வண்டிக்குப் பதிவு, காப்புறுதி, அனுமதிப்பத்திரம், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். பதிவில்லாத வண்டி விபத்தில் சிக்கினால் நட்டஈடு பெறுவது சிக்கலாகும். பற்றரி எந்த வகை, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அதே பற்றரியை மாற்றித்தர மட்டக்களப்பிலேயே ஆள் இருக்கிறாரா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்றும் கேளுங்கள். கொழும்பு என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.