புல்லின் நடுவே பஞ்சம்: வட அவுஸ்திரேலியாவில் யூரியாத் தீனியின் வரலாறு

வட அவுஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகளிலே நெடுங்காலமாக ஒரு விந்தை நிகழ்ந்துவந்தது. முழங்கால் மறையப் புல் நிற்கும். அதன் நடுவே மாடுகள் எலும்புந் தோலுமாய் மெலியும். ஆங்கு மழை பெரும்பாலும் டிசெம்பர் தொடக்கம் மார்ச் வரையிலேயே பெய்வதாகும். அக்காலத்தில் ஏறிய நிறையில் ஒரு பகுதியை எருதுகள் வரட்சியில் இழந்துவிடும். இறைச்சிச் சந்தைக்கேற்ற நிறையை எய்த நாலைந்து ஆண்டுகள் சென்றன.

குறைந்தது புல்லன்று, புல்லிலுள்ள நைதரசனே. நாரைச் சிதைப்பவை மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகள். அவை நைதரசனின்றி வாடும்போது உண்ட புல் சமிபாடடையாது தங்கிவிட, மாடு மேய்வதைக் குறைத்துக்கொள்கின்றது. புல்லின் உலர்நிறையில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் விலங்கு உண்ணும் அளவு வீழ்வதை 1960களில் குயீன்ஸ்லாந்தில் மில்ஃபோர்ட், மின்சன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

பரிகாரத்துக்கான வித்து அதற்கு வெகு முன்னரே இடப்பட்டிருந்தது. புரதமல்லாத நைதரசனையும் இந்நுண்ணங்கிகள் பயன்படுத்தக்கூடுமென ஜேர்மனியரான சுன்ட்ஸ் 1891இல் கருத்துரைத்தார். 1939இல் விஸ்கொன்சினில் ஹார்ட் குழுவினர் யூரியா சேர்த்த தீனியாற் கன்றுகள் வளர்வதைக் காட்டினர். பருத்திவிதைப் பிண்ணாக்கு இதனினுஞ் சிறந்த தீனியே. ஆயினும் தொலைதூரப் பண்ணைகளுக்கு அதனை ஏற்றிச்செல்லும் செலவை எவர் தாங்குவர்? யூரியாவோ சிறிதளவே போதும். சீனி ஆலைகளில் எஞ்சும் கழிவுப்பாகில் அதனைக் கரைத்து, மாடுகள் நக்கும்போது உருளும் பீப்பாக்கள் வழியே சிறிது சிறிதாக வழங்கும் முறை 1960களிற் பரவியது.

ஆபத்தும் உடன்வந்தது. மிகையாய் உண்ட யூரியா அமோனியாவாகிக் குருதியிற் கலந்து மாட்டைக் கொல்லும். உப்போடு யூரியா கலந்துவைத்த தொட்டியில் மழைநீர் தேங்க, அந்நீரைக் குடித்த மாடுகள் மடிந்தன. மேலும், யூரியா மாட்டைக் கொழுக்கவைப்பதில்லை. நிறையிழப்பைத் தணிப்பதே அதன் பணி. மேய்வதற்குக் காய்ந்த புல்லாவது இல்லாவிடின் அதுவும் பயன்படாது.

இவ்விடத்திலேதான் வரலாறு எதிர்பாராத திசையிற் சென்றது. வெப்பந் தாங்கும் பிராமன் இன மாடுகளும் யூரியாவுஞ் சேர்ந்து, முன்னர் வரட்சியில் அழிந்திருக்கக்கூடிய மந்தைகளைக் காத்தன. பஞ்சத்தில் மாடுகள் குறைய, புல்லுக்குக் கிடைத்துவந்த கொடிய ஓய்வும் அத்தோடு நின்றது. 1980களின் வரட்சிகளில் வடகிழக்குக் குயீன்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பலவற்றிலே பல்லாண்டுப் புற்கள் அருகி, வெறுமண் வெளிப்பட்டது.