முன்பாரமும் பின்பாரமும்: மாட்டு வண்டி கற்பித்த டிரெயிலர் பாடம்

கோவை காந்திபுரத்தில் நூறடிச் சாலையின் ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள். பேருந்துகளும் கார்களும் ஒன்றையொன்று முந்த முயலும் நெரிசலில், எப்போதாவது ஒரு ஜீப் இரு சக்கர டிரெயிலர் ஒன்றை இழுத்துச் செல்வதைக் காணலாம். டிரெயிலரில் பம்ப்செட் ஒன்றும், குழாய்களும், இரண்டு உர மூட்டைகளும் இருக்கும். நகரத்தில் சாமான் வாங்கிய குடும்பம் தோட்டத்துக்குத் திரும்புகிறது.

“இதில் என்ன இருக்கிறது? கொக்கியை மாட்டினால் வண்டி தானே பின்னால் வருகிறது!” என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியானால் ஒரு கேள்விக்கு விடை கூறுங்கள். அந்தப் பம்ப்செட்டை டிரெயிலரின் முன்பக்கம் வைக்க வேண்டுமா, பின்பக்கம் வைக்க வேண்டுமா, நடுவில் வைக்க வேண்டுமா?

கார் ஓட்டுநர் பலர் இக்கேள்விக்குத் தயங்குவர். ஆனால் கொங்கு நாட்டில் காங்கேயம் காளைகளைப் பூட்டி வண்டி ஓட்டிய எந்தப் பெரியவரும் நொடியில் விடை சொல்லியிருப்பார். அவருடைய அறிவு எங்கிருந்து வந்தது, பின்னர் எங்கே தவறிப்போனது, ஏன் அதை நாம் மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

வண்டிக்காரரின் அறிவு

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த கொங்கு நாடு பன்னெடுங்காலமாக வணிகப் பாதைகளின் நாடு. மேலைக் கடற்கரைக்கும் சோழ நாட்டுக்கும் இடையே சென்ற இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு கோவைக்கு அருகிலேயே இருக்கிறது. இத்தகைய வழிகளில் பொதிமாடுகளும் பாரவண்டிகளும் சரக்கைச் சுமந்தன. உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று குறிப்பிடுகிறது. அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்று நாம் மாற்றுச் சக்கரம் எடுத்துச் செல்கிறோம் அன்றோ? அந்த முன்யோசனை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

நமது மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரங்கள், ஒரே அச்சு. எனவே அது ஒரு தராசு போன்றது. அச்சு தராசின் நடுமுள். பாரம் அச்சுக்கு முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். இது முன்பாரம். பாரம் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இது பின்பாரம்.

“கொஞ்சம் முன்னுக்கு வாங்க, பின்பாரமா இருக்குதுங்க” என்று வண்டிக்காரர் சொல்ல, உள்ளே அமர்ந்திருந்தோர் நகர்ந்து உட்கார்ந்த காட்சி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர் விரும்பியது சிறிதளவு முன்பாரம். மிகுந்தால் மாடு களைக்கும். இல்லாமற் போனால் வண்டி குடைசாயும். இடையில் இருந்த அந்த அளவை அவருக்குக் கூறியது எந்தக் கருவியும் அன்று. மாட்டின் நடையும் கழுத்துமே கூறின.

நெம்புகோல் கணக்கு

இதைக் கணக்காகவும் பார்த்துவிடலாம். வண்டியில் 800 கிலோ பாரம் இருக்கிறது என்று கொள்வோம். அச்சிலிருந்து நுகத்தடி வரை உள்ள தூரம் இரண்டரை மீட்டர். பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் இருந்தால் நுகத்தடியில் விழும் எடை எவ்வளவு? 800 கிலோவை 10 செ.மீட்டரால் பெருக்கி, 250 செ.மீட்டரால் வகுத்தால் 32 கிலோ கிடைக்கும். மாடு ஒன்றுக்கு 16 கிலோ வீதம் எளிதில் தாங்கும்.

அதே பாரம் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால், அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக, நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? 80 கிலோ விசை நுகத்தடியை மேல்நோக்கித் தூக்கும். மூட்டைகளை ஒரு சாண் தள்ளி அடுக்குவதில் இவ்வளவு வேறுபாடு!

டிரெயிலரும் இதே தராசுதான். நுகத்தடிக்குப் பதில் காரின் பின்புறக் கொக்கி; அவ்வளவே வேறுபாடு. டிரெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் 5 முதல் 7 பங்கு என்பர். அளவு வேறாயினும் இரு நாட்டாரும் கேட்பது முன்பாரத்தையே. மொத்தம் 500 கிலோ எடையுள்ள டிரெயிலரில் அச்சிலிருந்து கொக்கி 2 மீட்டர் முன்னால் இருந்தால், ஈர்ப்பு மையம் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் அமைய வேண்டும். அப்போது கொக்கியில் 50 கிலோ, அதாவது நூற்றுக்குப் பத்து, அழுத்தும்.

மாடு சொன்னது, கொக்கி சொல்லாதது

மாட்டு வண்டியிலிருந்து காருக்கு வந்தபோது இந்த அறிவு ஏன் கூடவே வரவில்லை? வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

இங்கிலாந்தில் கார் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளை எக்லெஸ் நிறுவனம் 1919ஆம் ஆண்டில் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் ஜீப்புக்கென்று கால் டன் சுமக்கும் இரு சக்கர டிரெயிலர் ஒன்று செய்யப்பட்டது. போருக்குப் பின் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஜீப்புகளைப் பொருத்தி விற்றது. தோட்டக்காரர்களின் குடும்ப வண்டியாக ஜீப் அமைந்தது.

ஆனால் நமது நாட்டில் டிரெயிலர் பெரிதும் பரவியது ஜீப்பின் பின்னால் அன்று, டிராக்டரின் பின்னால். கரும்பும் செங்கல்லும் எருவும் டிராக்டர் டிரெயிலரில் ஏறின. அவற்றுள் பல நான்கு சக்கர டிரெயிலர்கள். முன்னும் பின்னும் அச்சு இருப்பதால் அவை தாமே நிற்கும். கொக்கியின்மேல் பாரம் விழுவதில்லை. டிராக்டரின் வேகமும் குறைவு. ஆகவே முன்பாரம், பின்பாரம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லாமற் போயிற்று. வண்டிக்காரரின் பேரன் டிராக்டர் ஓட்டக் கற்றபோது, தாத்தாவின் தராசு அறிவு அவருக்குத் தேவைப்படவில்லை.

இப்போது அதே குடும்பம் ஒரு காரின் பின்னால் இரு சக்கர டிரெயிலரை மாட்டி, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்கிறது. தராசு திரும்ப வந்துவிட்டது. ஆனால் கழுத்தின் வழியே செய்தி சொல்ல மாடு இல்லை. பின்பாரம் ஏற்றினால் மாடு திணறி நின்றுவிடும். இயந்திரம் நிற்பதில்லை, ஏதும் அறியாததுபோல் இழுத்துச் செல்கிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஆட்டம் எவ்வாறு பிறக்கிறது?

பின்பாரம் மிகுந்த டிரெயிலர் காரின் பின்பகுதியைச் சற்றே தூக்குகிறது. பின் சக்கரங்கள் சாலையைப் பற்றும் பிடி தளர்கிறது. இந்நிலையில் ஒரு பெரிய லாரி முந்திச் சென்று காற்றால் தள்ளினாலோ, சாலையில் ஒரு குழி வந்தாலோ, டிரெயிலர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் ஊஞ்சல் போலச் சிறுத்துத் தானே அடங்கும். வேகம் கூடக்கூட, அடங்கும் திறன் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்துவிட்டால், ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. டிரெயிலர் காரையும் சேர்த்து ஆட்டுகிறது. முடிவில் இரண்டும் சாலையை விட்டு விலகலாம், அல்லது கவிழலாம். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வுகளும், கொக்கியில் விழும் பாரமும் எடை பரவியிருக்கும் முறையும் இந்த ஆட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டின.

எடை பரவியிருக்கும் முறை என்றால் என்ன? நீண்ட உலக்கை ஒன்றைக் கிடைமட்டமாக நடுவில் பிடித்து வேகமாகத் திருப்பிப் பாருங்கள். திருப்புவதும் கடினம், திரும்பத் தொடங்கியபின் நிறுத்துவதும் கடினம். அதே எடையுள்ள குழவிக்கல்லைத் திருப்புவது எளிது. டிரெயிலரின் முன்முனையில் ஒரு கனமான பொருளும் பின்முனையில் ஒரு கனமான பொருளும் வைத்தால், கொக்கியில் விழும் எடை சரியாகவே இருக்கலாம். ஆயினும் டிரெயிலர் உலக்கையாகிவிடுகிறது. எனவே கனமான பொருள்கள் அச்சை ஒட்டி, சற்றே முன்னால், தாழ்வாக இருக்க வேண்டும். இலேசானவையே முனைகளுக்கு உரியவை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது யாது? ஸ்டீயரிங்கை நேராகவும் உறுதியாகவும் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். ஆட்டத்தை எதிர்த்து இருபுறமும் திருப்பக் கூடாது. திடீரென்று பிரேக்கை அழுத்தவும் கூடாது. முன்னால் போகும் கார் சட்டென்று நின்றால் பின்னால் வரும் பாரம் அதை இன்னும் தள்ளித் திருப்பும்.

மலைப்பாதை தந்த பாடம்

காந்திபுரத்திலிருந்து வடக்கே மேட்டுப்பாளையம் சென்றால் நீலகிரி மலை எதிரே நிற்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் 1899ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி, 1908இல் உதகமண்டலம் வரை நீண்டது. 2005இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதில் பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மலை ஏறும்போது என்ஜின் பெட்டிகளை முன்னிருந்து இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று மேலே தள்ளுகிறது!

காரணம் எளியது. அங்கே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். பெட்டிகள் என்ஜினுக்குக் கீழ்ப்புறம் இருந்து, இணைப்பு அறுந்துபோனால், அவை பின்னோக்கி ஓடிவிடும். என்ஜின் கீழே இருந்தால் அதுவே அவற்றைத் தாங்கும். அத்துடன் பெட்டிதோறும் பிரேக்கை இயக்க ஓர் ஆள் இருப்பார். பாரத்தை இழுப்பதைவிட, இறக்கத்தில் அதைத் தாங்குவதே பெரிய வேலை என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

காருக்கு இந்த வசதி இல்லை. டிரெயிலர் எப்போதும் பின்னால்தான். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,870 மீட்டர். 500 கிலோ டிரெயிலர் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 30 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. டிரெயிலருக்குத் தனி பிரேக் இல்லையெனில், இந்த வெப்பத்தின் பெரும்பகுதி காரின் பிரேக்குகளில்தான் போய்ச் சேர வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. எனவேதான் இறக்கத்தில் முதலிலேயே குறைந்த கியருக்கு மாறி, இயந்திரத்தையே தடையாகப் பயன்படுத்த வேண்டும்.

அறுந்தாலும் நிற்க வேண்டும்

இனி, இணைப்பு அறுந்தே போனால்? இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1889ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், அயர்லாந்தில் ஆர்மா நகருக்கு அருகே ஓர் உல்லாசப் பயண ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பின்பகுதிப் பெட்டிகளைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தி, முன்பகுதியை மட்டும் கொண்டுசெல்ல முயன்றனர். கழற்றியவுடன் பின்பகுதிக்கு என்ஜினிலிருந்து வந்த பிரேக் இல்லாமற் போயிற்று. புறப்பட்ட முன்பகுதி சற்றே பின்வாங்கி இடித்தது, கற்கள் நொறுங்கின. பெட்டிகள் மேட்டில் உருண்டோடி, பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

அதே ஆண்டில் பிரிட்டனில் புதிய சட்டம் வந்தது. இணைப்பு அறுந்தால் பிரேக் தானாகவே பிடிக்க வேண்டும் என்று அது விதித்தது. அறுந்தால் விட்டுவிடும் பிரேக் ஆகாது. அறுந்தால் பிடிக்கும் பிரேக்கே வேண்டும் என்ற கருத்து இன்று டிரெயிலர்களிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். கொக்கி கழன்றால் ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு அந்தப் பிரேக்கை இயக்கிவிடும். கொக்கியின் கீழ் இரு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவது இன்னொரு முறை. கொக்கி கழன்றாலும் டிரெயிலரின் முன்முனை தரையில் குத்தாமல் தொட்டில்போல் தாங்கப்படும்.

நமது மோட்டார் வாகனச் சட்டமும் ஒரு விந்தையான செய்தியைக் கூறுகிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயந்திரமே இல்லாத டிரெயிலரும் மோட்டார் வாகனமே! பின்னால் வருவது வெறும் பெட்டி அன்று. ஒரு முழு வாகனம் என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

புறப்படுமுன்

ஆகவே, நண்பர்களே, நீங்களோ உங்கள் வீட்டாரோ டிரெயிலர் இழுக்க நேர்ந்தால் இவற்றைச் செய்யுங்கள். காரின் கையேட்டில் இழுக்கத்தக்க எடையையும் கொக்கி தாங்கும் எடையையும் பாருங்கள். எடை குறிக்கப்படவில்லையெனில் அந்தக் காரை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதே அறிவுடைமை. பாரம் ஏற்றியபின், கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் அடியில் ஆள் எடை பார்க்கும் கருவியை வையுங்கள். டிரெயிலரின் முன்முனையை அக்கட்டையின்மேல் இறக்கினால் முன்பாரம் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். பாரத்தைக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். வழியில் ஒரு சாண் நகர்ந்தாலும் கணக்கு மாறிவிடும் என்பதைக் கண்டோம். டயர்களின் காற்றையும், பின் விளக்குகளையும், சங்கிலிகளையும் சரிபாருங்கள். முற்காலத்து வண்டிக்காரரும் இரவில் வண்டிக்கடியில் லாந்தர் விளக்கு ஒன்றைத் தொங்கவிடாமல் சென்றதில்லை. திருப்பங்களில் டிரெயிலர் உட்புறமாக ஒடித்து வரும் என்பதால் அகலமாகத் திரும்புங்கள். டிரெயிலரில் ஒருபோதும் ஆட்களை, சிறப்பாகக் குழந்தைகளை, ஏற்றாதீர்கள்.

வண்டியைப் பூட்டுமுன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துப் பாரத்தை மதிப்பிட்ட அந்தப் பெரியவர் இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் தமது மாட்டின் கழுத்து நோகக்கூடாது என்ற அக்கறை அவருக்கு இருந்தது. நமது காருக்குக் கழுத்து இல்லை. அதனுள் அமர்ந்திருக்கும் நமது குடும்பத்துக்கு உண்டு. ஆகவே அவரைப் போலவே நாமும், புறப்படுமுன் ஒரு முறை தூக்கிப் பார்ப்போம்.