செம்மண் மேடு

குயிலாப்பாளையத்துக்குச் சரித்திரம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டையில்லை, கொத்தளமில்லை, ராஜா தேசிங்கின் கதையெல்லாம் செஞ்சியோடு நின்றுவிட்டது. ஆனால் இவ்வூரின் சரித்திரம் காலடியிலேயே கிடக்கிறது. குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.

புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரையை விட்டு மேற்கே நடந்தால் தரை மெல்ல மெல்ல உயரும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 50 மீட்டர், அவ்வளவுதான். மலையென்று சொன்னால் செஞ்சிக் குன்றுகள் சிரிக்கும். அவை 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கிழவர்கள். இந்த மேடோ நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் இறுகிய பாறை; கடலூர் மணற்பாறை என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதன் மேல் செம்மண்ணும் செம்புறைக் கல்லும்.

இதே பாறைதான் திருவக்கரையிலும். அங்கே சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. வேரில்லை, கிளையில்லை, வெள்ளம் அடித்துவந்து புதைத்த அடிமரங்கள். 18-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். ஊர்ஜனங்களோ, வதைபட்ட அசுரனின் எலும்புகள் என்பார்கள். கதைக்காரனான எனக்கு அசுரன் பேரில்தான் பட்சம்!

மேட்டுக்கு வந்த ஆபத்து வேறு. காடு போனபின் ஐப்பசி, கார்த்திகை மழை வெற்றுத் தரையில் நேராக விழுந்தது. நீர் உள்ளே இறங்காமல் ஓடியது; ஓடிய வழியெல்லாம் அறுத்தது. காலால் தாண்டக்கூடிய வாய்க்கால், ஆள் மறையும் பள்ளமாயிற்று. மண் கடலுக்குப் போயிற்று. கிணற்றுக்குச் சேரவேண்டிய தண்ணீரும் கூடவே போயிற்று. கரையோரத்தில் ஊற்று வற்ற வற்ற, உப்பு நீர் உள்ளே புகும் என்பது குடியானவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1968 பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் தொடங்கியபோது, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். அந்த நாளில் இந்த மேட்டின் சொந்த மண் மழைக்கு மழை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! அப்புறம் கரை போட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள், லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். வெளிநாட்டாரின் புகழ் உலகமெங்கும் பரவியிருக்கிறது, நியாயந்தான். ஆனால் கூலிக்குக் குழி வெட்டிக் கூடை சுமந்த சுற்றுக் கிராமத்து ஆண் பெண்களை யார் எழுதினார்கள்?

பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. மழை நாளில் போய்ப் பாருங்கள். கரையில்லாத இடத்தில் தண்ணீர் செக்கச் சிவப்பாய் ஓடும். மரமடர்ந்த இடத்தில் தெளிந்து நிற்கும். நடுவே சில நூறு அடிதான்.