குதிரை மாத்திரை சொல்லும் கதை

ஒரு பொருளுக்கு மக்கள் சூட்டும் பெயரே சில வேளைகளில் அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். வட மலேசியாவில் 'பில் குடா' என்றால் தெரியாதவர் குறைவு. மலாய் மொழியில் குடா என்றால் குதிரை. ஆக, இது குதிரை மாத்திரை! குதிரையைப் போல் களைப்பில்லாமல் ஓடலாம், உழைக்கலாம் என்ற ஆசை அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதைப்பொருள் என்றதும் கேளிக்கை விடுதியும் கூடா நட்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஊக்கிப் போதைகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அவை பல வேளைகளில் உழைப்பின் வாசல் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன.

பினாங்கு மாநிலத்தின் தாசேக் கெலுகோர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். வயலும் தோட்டமும் சூழ்ந்த பகுதி. வடக்கே மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. இந்த வடமாநிலங்களில் கெத்தும் மரம் இயல்பாகவே வளரும். அதன் இலையை மென்றும், காய்ச்சி வடித்துக் குடித்தும் வெயிலில் பாடுபடுவோர் களைப்பைத் தணித்துக்கொண்டார்கள். மரம் சீவுவோர், மீனவர்கள், கூலி வேலை செய்வோர் எனப் பலருக்கும் அது பழகிப்போனது. மலாயாவில் அபினுக்கு மாற்றாக இந்த இலை பயன்பட்டதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கெத்தும் இலையின் முக்கிய வேதிப்பொருள் மித்ராகைனின். அளவு குறைந்தால் சுறுசுறுப்பு. அளவு கூடினால் அபினைப் போன்ற மயக்கம். நாள்தோறும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் உடல்வலி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் தலைகாட்டும். 2003 முதல் இந்த நாட்டில் அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 1943இல் தடை செய்த தாய்லாந்தோ 2021இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் விக்னசிங்கம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கெத்தும் குடித்துப் பழகிய 26 ஆண்களிடம் நடத்திய சோதனையின் முடிவை 2020இல் வெளியிட்டார்கள். கெத்தும் குடித்த ஒரு மணி நேரத்தில் அவர்களின் வலி தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. தொழிலாளர்கள் சொல்லி வந்தது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. அதற்காக, கெத்தும் தீங்கற்றது என்று பொருளாகிவிடாது.

இலையின் கதை இப்படி என்றால், ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஊக்கியின் கதை வேறு. 1893இல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷி, எஃபெட்ரினிலிருந்து மெத்தம்பெட்டமின் என்ற பொருளை உருவாக்கினார். 1919இல் அகிரா ஓகாத்தா அதைப் படிக வடிவில் தயாரித்தார். இன்று 'ஷாபு' எனப்படுவது இந்தப் படிகம்தான். 1938இல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பெயரில் இதே மருந்து மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. 1941இல் ஜப்பானில் 'ஃபிலோபோன்' வந்தது. இதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு உழைப்பை நேசிப்பது என்று பொருள்! போர்க்காலத்தில் விமானிகளும் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் தூக்கத்தை விரட்ட இதை உட்கொண்டார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய மருந்து சந்தைக்கு வந்தது, பழக்கமும் பரவியது. 1951இல் ஜப்பான் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அண்டை நாடான தாய்லாந்திலும் இதே கதைதான். இரவெல்லாம் வண்டி ஓட்டும் லாரி ஓட்டுநர்கள் விழுங்கிய மாத்திரைக்கு அங்கே 'யா மா', அதாவது குதிரை மருந்து என்று பெயர். அதன் விளைவைக் கண்ட அரசாங்கம் 1996இல் பெயரையே மாற்றியது. புதிய பெயர் 'யா பா', பைத்திய மருந்து!

குதிரை எப்படிப் பைத்தியமாகிறது? மூளையில் டோபமின் என்ற இரசாயனம் மகிழ்ச்சிக்கும் ஊக்கத்துக்கும் துணை நிற்கிறது. மெத்தம்பெட்டமின் அதை நரம்பு முனைகளிலிருந்து வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் ஏறும், பசி எடுக்காது, தூக்கம் வராது. உடலில் புதிய வலிமை எதுவும் பிறப்பதில்லை. நாளைய வலிமையை இன்றே கடன் வாங்குவதுதான் நடக்கிறது. மருந்தின் வேகம் அடங்கியதும் சோர்வும் மனச்சோர்வும் வட்டியோடு திரும்பி வருகின்றன. பழக்கம் முற்றினால் இல்லாத குரல் கேட்கும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றும். பெற்ற தாயே தனக்கு எதிராகச் சதி செய்கிறாள் என்ற சந்தேகம் எழும்.

தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் பதிவுகளில் ஹெரோயினை இத்தகைய ஊக்கிகள் முந்திவிட்டன. இங்கேதான் சிக்கல். ஹெரோயின் பழக்கத்துக்கு மெத்தடோன் சிகிச்சை 2005 முதல் இந்நாட்டில் உண்டு. ஷாபுவுக்கு அப்படி ஈடு கொடுக்கும் மாற்று மருந்து இன்னும் இல்லை. ஆலோசனையும் நடத்தைப் பயிற்சியும் குடும்பத்தின் பொறுமையுமே சிகிச்சை. ஆனால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஓராண்டுக்கு மேல் பழக்கத்தை விட்டிருந்தவர்களின் மூளையில் டோபமின் சார்ந்த பாதிப்பு ஓரளவு சீரடைவதை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2010 முதல், தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவதற்கான நிலையங்களையும் அரசாங்கம் தொடங்கியது.

மகன் மூன்று இரவுகள் தூங்கவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, காரணமின்றிச் சந்தேகப்படுகிறான் என்றால், அதை மானப் பிரச்சினையாக மூடி மறைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி. முதலாளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. களைப்பு என்பது ஓய்வு கேட்டு உடல் எழுதும் கடிதம். அதைக் கிழித்தெறிய ஒரு மாத்திரை தேவைப்படும் அளவுக்கு வேலை நேரம் நீள்கிறது என்றால், திருத்தப்பட வேண்டியவன் தொழிலாளி மட்டுமல்ல. மனிதன் குதிரை அல்ல. குதிரைக்கும்கூட ஓய்வு வேண்டும்.